மராமத்துக்குக் கடன் எடுக்கும் முன்னால

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வீட்டின் மதிப்பை உயர்த்தும் மராமத்து வேலைகள்" என்ற தலைப்பில் பேசச் சொன்னாங்க. வங்கியில் வீட்டுக்கடன் மேசையில் பல வருசம் உட்கார்ந்தவள் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. பார்த்ததைச் சொல்றேன்.

நம்ம குழுக்கடன் விண்ணப்பத்தில் காரணம் என்ன எழுதுறோம்? தொழில், பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், அப்புறம் "வீடு பராமரிப்பு". அந்த ஒரு சொல்லுக்குள்ள எத்தனையோ அடங்கியிருக்கு. தரைக்கு டைல்ஸ், வாசப்படிக்கு கிரானைட், முகப்புக்கு டிசைன், ஹாலுக்கு பி.ஓ.பி. சீலிங். கேட்டா, "வீட்டுக்கு மதிப்பு கூடும்ல" என்பீங்க. கூடுதா இல்லையான்னு முதல்ல பார்த்துருவோம்.

வீட்டுக்கு மதிப்புப் போட வர்ற இன்ஜினியர் இரண்டு கணக்கு எழுதுவார். நிலத்துக்கு ஒண்ணு, கட்டடத்துக்கு ஒண்ணு. நிலத்துக்கு எத்தனை சென்ட், அந்தத் தெருவில் என்ன விலை போகுது, பத்திர ஆபீசில் வழிகாட்டி மதிப்பு என்ன என்று பார்ப்பார். கட்டடத்துக்கு எத்தனை சதுர அடி, என்ன மாதிரிக் கட்டுமானம், கட்டி எத்தனை வருசமாச்சு என்று பார்ப்பார். வருசம் ஆக ஆகக் கட்டட மதிப்பைக் கழிச்சுக்கிட்டே வருவார். ஆயுள் 60 வருசம், கடைசியில் மிஞ்சுறது 10 சதவீதம் என்று வச்சா, வருசத்துக்கு ஒன்றரை சதவீதம் கழியும். 10 லட்சத்துக்குக் கட்டினது 20 வருசத்தில் 7 லட்சம் என்று ஆகும்.

நம்ம சிம்மக்கல், யானைக்கல் சந்துகளில் பல வீடுகள் 60 வயசைத் தாண்டினவை. இன்ஜினியர் நோட்டில் அந்தக் கட்டடத்துக்குக் கொஞ்சம்தான் இருக்கும், மதிப்பெல்லாம் நிலத்துல. அந்த வீட்டுக்குள்ள 80,000 ரூபாய்க்கு டைல்ஸ் ஒட்டினா, அதுக்கென்று அவர் பெரிசா எதையும் கூட்ட மாட்டார். விலைக்கு வாங்க வர்றவரும் அப்படித்தான். "இதை இடிச்சுட்டுத்தான் கட்டணும்" என்று மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே உங்க கிரானைட்டைப் பாராட்டிட்டுப் போவார். அழகுக்குச் செய்யாதீங்கன்னு நான் சொல்லலை, நமக்கும் ஆசை இருக்கும்ல. ஆசைக்குச் செய்றதை ஆசைச் செலவுன்னே நோட்டில் எழுதிக்குவோம்.

காசு எங்கே நிக்கும் என்று கேட்டா, முதல்ல கூரையைச் சொல்வேன். நம்ம பக்கத்துப் பழைய மாடிகள் மெட்ராஸ் டெரஸ். மரக்கட்டைகளை வரிசையாப் போட்டு, அதுமேல சின்னச் செங்கலைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்திவச்சு அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்சு, கடைசியில் தட்டோடு பதிச்சிருப்பாங்க. ஒழுகினா நாம என்ன செய்யறோம்? மேல சிமெண்டைப் பூசிடுறோம். அது வெயிலில் விரிசல் விடும். விரிசல் வழியா இறங்கின தண்ணி திரும்ப ஆவியா வெளியே போக வழியில்லாம மரத்திலேயே தங்கும். சுவருக்குள்ள புதைஞ்சிருக்கிற கட்டை முனைதான் முதலில் இத்துப்போகும், வெளியே தெரியாது. மழை பெஞ்ச மறுநாள் மாடிக்குப் போய் எங்கே தண்ணி நிக்குது என்று பாருங்க. பேந்த தட்டோட்டை எடுத்து, ஜல்லிச் சுண்ணாம்பு போட்டு, வாட்டம் சரிபண்ணி, மறுபடி பதிக்கச் சொல்லுங்க. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் இப்போ குறைவு, தேடித்தான் பிடிக்கணும். 1636-ல் கட்டின நாயக்கர் மகால் செங்கலும் சுண்ணாம்பும்தானே, இன்னும் நிக்குது.

அடுத்தது ஓதம். வைகைக் கரை ஓரம் இருக்கோம், சுவர் அடியில் ஓதம் ஏறி உப்புப் பூக்குது. அதை மறைக்க இடுப்பளவு டைல்ஸ் ஒட்டினா, ஓதம் டைல்ஸுக்குப் பின்னாலேயே ஏறி, அதுக்கு மேல வந்து பூக்கும். வெளிப்பக்கம் சாக்கடைக் குழாய் உடைஞ்சிருக்கா, மழைக்குழாய் தண்ணி சுவர் ஓரமா விழுதா என்று பார்த்து அதைச் சரிபண்ணினா பாதி ஓதம் நின்னுடும். செலவும் டைல்ஸை விடக் குறைச்சல்.

தண்ணியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும். குழாயில் வர்ற நேரத்தில் பிடிச்சுவைக்கத் தரையடித் தொட்டி இருந்தா அந்த வீட்டுக்கு மவுசு தனி. வீட்டுக்குள்ள பழைய கிணறு இருந்தா தயவுசெய்து மூடாதீங்க, மாடித் தண்ணியை வடிகட்டி அதில் விடுங்க. மழைநீர் சேகரிப்பை 2003-லேயே தமிழ்நாடு முழுக்கக் கட்டாயம் ஆக்கியாச்சு. கழிப்பறையை வீட்டுப் பெரியவங்க படி ஏறாம போற இடத்தில் வச்சுக்கோங்க.

வாடகை வருமானம்தான் பெரிய மதிப்பு. ஆற்றுக்கு அக்கரையில் கோரிப்பாளையத்தில் ராஜாஜி ஆஸ்பத்திரி, இக்கரையில் மாசி வீதிக் கடைகள். வேலைக்கு வர்றவங்களுக்கு வீடு வேணும். மேல் ஒரு அறை போட்டு, வெளிப்பக்கமா தனிப் படி, தனிக் கழிப்பறை, தனி மீட்டர் வச்சா வாடகைக்கு ஆள் காத்துக்கிட்டு இருப்பாங்க. வீட்டுக்குள்ள வந்து படி ஏறணும்னா அதே அறைக்குப் பாதி வாடகைதான் பேசுவாங்க.

ஆனா மாடி எடுக்கிறதுக்கு முன்னால இரண்டு விசயம். பழைய சுவர் தாங்குமா என்று ஒரு இன்ஜினியர் பார்த்துச் சொல்லணும், கொத்தனார் வாய்ச்சொல் போதாது. இரண்டாவது, மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ள 9 மீட்டர் உயரத்துக்கு மேல கட்ட அனுமதி கிடையாது. 9 மீட்டர் என்றால் ஏறத்தாழ 30 அடி. சிம்மக்கல்லில் பல தெரு அந்த வட்டத்துக்குள்ள வருது. அனுமதி இல்லாம எடுத்த மாடிக்கு வங்கியில் மதிப்பே போட மாட்டாங்க, நல்லாக் கட்டியிருந்தாலும் சரி. 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுற வீட்டுக்கு, சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே அனுமதி வாங்குற முறை 2024 ஜூலையில் வந்திருக்கு. உங்க மனைக்கு அது பொருந்துமா என்று மாநகராட்சியில் கேட்டுட்டு இறங்குங்க.

இதுவரைக்கும் சொன்னது செங்கல் கணக்கு. என்னைக் கேட்டா, எல்லாத்துக்கும் முன்னால கேட்க வேண்டிய கேள்வி வேற. அந்த வீடு யார் பேரில் இருக்கு?

சில வீடுகளில் நிலமே கோயிலுக்குச் சொந்தம், நமக்குக் கட்டடம் மட்டும், அடிமனை வாடகை கட்டிக்கிட்டு இருப்போம். அங்கே நில மதிப்பு நமக்கு வராது, கோயில் நிர்வாகத்தைக் கேட்காம கட்டவும் கூடாது. அது ஒரு வகை.

அதைவிட அதிகம் நான் பார்த்தது இது. வேறொரு ஊர்க் குழுவில் ஒரு தங்கச்சி. வீடு மாமியார் பேரில். மூணு தடவை கடன் எடுத்து, ஒரு தவணை தவறாம அடைச்சு, மாடி எடுத்தாள். புருசன் தவறிட்டார். இரண்டு வருசம் கழிச்சு மாமியாரும் போயிட்டாங்க, உயில் எதுவும் எழுதலை. நாத்தனார்கள் பங்கு கேட்டாங்க. பாஸ்புக் முழுக்க இவள் கையெழுத்து, பத்திரத்தில் இவள் பேரே இல்லை. சட்டப்படி அந்த வீட்டில் இவளுக்குப் பங்கு கிடையாது. இவள் பிள்ளைகளுக்கு மட்டும் அவங்க அப்பா பங்கு வந்தது.

இதைக் கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ல் வந்தது. ஒரு ஆம்பளை உயில் எழுதாம இறந்தா அவர் சொத்து மனைவி, பிள்ளைகள், அவருடைய அம்மா எல்லாருக்கும் சமமாப் போகும். அவருக்கு முன்னாலேயே இறந்துபோன மகனுடைய மனைவியும் அதில் வாரிசு, அந்த மகனோட பங்கை அவளும் பிள்ளைகளும் பகிர்ந்துக்குவாங்க. ஆக மாமனார் பேரில் வீடு இருந்தா விதவை மருமகளுக்கு வழி இருக்கு. ஒரு பொம்பளை உயில் எழுதாம இறந்தா கணக்கு வேற. அவள் புருசன், மகன், மகள், முன்னாலேயே இறந்த பிள்ளைகளோட பிள்ளைகள், இவங்கதான் முதல் வாரிசு. அந்த வரிசையில் மருமகள் இல்லை. வீடு பொம்பளை பேரில்தானே இருக்கு என்று நாம நிம்மதியா இருப்போம். எந்தப் பொம்பளை பேரில் என்று பார்க்கணும். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேற, அவங்க தனியாக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

நாத்தனார் பங்கு கேட்டது தப்பு என்று யாரும் சொல்லிடாதீங்க. நாமளும் ஒரு வீட்டுக்கு நாத்தனார்தான். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. தப்பு எங்கே என்றால், பேரைப் பார்க்காம காசைக் கொட்டுனதில்.

2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மருமகளுக்குக் குடியிருக்கிற உரிமையைக் கொடுக்குது. அது இருக்க இடம். விற்கவோ அடமானம் வைக்கவோ அதை வச்சு முடியாது. வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் நம்ம பேரில் இருக்கிறதால சொத்து நம்மதாயிடாது, அதையும் பல பேர் நம்பிக்கிட்டு இருக்காங்க.

சரி, என்ன செய்யலாம்? கடன் எடுக்கிறதுக்கு முன்னாலதான் பேசணும். மாடி எழும்பின பிறகு நம்ம பேச்சுக்கு வலு இல்லை. வில்லங்கச் சான்று போட்டு, மூலப்பத்திரம் யார் பேரில், பட்டா யார் பேரில் என்று பாருங்க. வீடு புருசன் பேரில் இருந்தா பாதியை மனைவிக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கலாம். புருசன் மனைவிக்கு, அப்பா அம்மா பிள்ளைகளுக்கு, தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளுக்கு எழுதுற செட்டில்மெண்டுக்கு முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்தின அளவு இது. 10 லட்சம் மதிப்புள்ள பங்குக்கு 20,000 ரூபாய் ஆகும். அதையே கிரையமாப் போட்டா 9 சதவீதம், 90,000 ரூபாய். புதுசா இடமோ வீடோ வாங்குறதா இருந்தா, 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்தைப் பொம்பளை பேரில் பதிஞ்சா பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும், 2025 ஏப்ரல் முதல் இது நடப்பில் இருக்கு.

வீடு மாமியார் பேரில் இருந்தா? மகனுக்கோ பேரப்பிள்ளைக்கோ இப்பவே எழுதி வைக்கச் சொல்லலாம், உயிலாவது எழுதச் சொல்லலாம். "என் உசுரு போகட்டும்னு பார்க்கிறியா" என்று கேட்பாங்க. கேட்கட்டும். தனியா உட்கார்ந்து கேட்டா சண்டையாகும், குழுத் தலைவியையும் கூட்டிக்கிட்டுப் போய் கடன் விசயமாப் பேசுங்க. குழுக்கடன் பொதுப்பணம் என்பது அவங்களுக்கும் தெரியும். எழுத மாட்டேன் என்று உறுதியாச் சொன்னா, அந்த வீட்டில் கூரை ஒழுகலை அடைக்கிறதோட நிறுத்திக்கோங்க. மாடிக்கு எடுக்க இருந்த பணத்தைத் தொழிலிலோ, உங்க பேரில் ஒரு சென்ட் இடத்திலோ போடுங்க. கட்டத்தான் வேணும் என்றால் சிமெண்டு, கம்பி, ஆள்கூலி எல்லா ரசீதும் உங்க பேரில், பணம் உங்க வங்கிக் கணக்கிலிருந்து போகட்டும். அதனால சொத்து வந்துடாது, ஆனா வழக்கென்று வந்தா யார் காசு என்று காட்ட ஒரு காகிதமாவது இருக்கும்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு அங்கே இலவசம், 1987-ம் வருசச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கு. போனில் கேட்க 15100.

கடைசியா நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. நம்ம கடன் விண்ணப்பத்தில் "வீடு பராமரிப்பு" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கூடுதலாப் போடணும்: "வீடு யார் பேரில்?" பதில் எதுவா இருந்தாலும் கடன் கொடுங்க, மறுக்க வேண்டாம். ஆனா அந்தக் கட்டத்தை நிரப்புறதுக்காகவாவது ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்துப் பார்ப்பாங்க. இந்தக் கூட்டத்திலேயே அதைத் தீர்மானமா எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.