முட்டி இடிக்கும் கால்

ராயகிரியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெரியவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். மூட்டு தேய்ந்தவர்களில் நிறையப் பேருக்குக் கால் வில்லாக வளைந்திருக்கும். சிலருக்கு நேர்மாறு. முட்டியும் முட்டியும் இடிக்கும், பாதங்கள் அகன்று நிற்கும். சரவாங்கி நெடுநாள் வாட்டியவர்களிடம் இதைப் பார்க்கலாம்.

இவர்களுக்கு மூட்டு மாற்றும்போது எலும்பை வெட்டி உலோகத்தைப் பொருத்துவது பாதி வேலைதான். பல வருஷம் கோணி நடந்ததில் முட்டியின் வெளிப்பக்க நார்கள் சுருங்கி இறுகியிருக்கும். உள்பக்க நார் தொய்ந்திருக்கும். கயிற்றுக் கட்டிலில் ஒரு பக்கம் விறைத்து மறுபக்கம் தொங்கினால், சட்டத்தை மட்டும் மாற்றி என்ன பயன்?

இறுகிய பக்கத்தைத் தளர்த்த வேண்டும். கூடுதலாக அறுத்தால் மூட்டு ஆடும். குறைந்தால் கோணல் மிஞ்சும். இதற்கு நிதானமான வழி காட்டியவர்களில் ஒருவர் மத்தியப் பிரதேசத்தில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத். 1970-களில் நியூயார்க்கில் டாக்டர் ஜான் இன்சாலோடு சேர்ந்து இன்றைய செயற்கை மூட்டுக்கு அடித்தளம் போட்டவர். அப்போதைய பிரதமர் வாஜ்பாய்க்கு 2000-இல் ஒரு முட்டியையும் 2001-இல் மற்றதையும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் மாற்றியவரும் இவரே.

ரணாவத் முறையில் நாரை ஒரே வெட்டாக அறுப்பதில்லை. காலை நீட்டி, மூட்டை விரித்துப் பிடித்து, உள்ளிருந்தபடியே கத்தி முனையால் சின்னச் சின்னக் கீறல்கள். கீறுவது, அளப்பது, மறுபடி கீறுவது. இருபக்க இடைவெளியும் சமமானதும் நிறுத்திவிட வேண்டும். மடக்கும்போதும் அது சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இப்போது ரோபோ விளம்பரங்கள் வருகின்றன. ரோபோ அளந்து சொல்லும். நாரைத் தளர்த்துவது டாக்டரின் கைதான்.

உள்பக்க நார் அறவே தொய்ந்திருந்தால், பக்கவாட்டு ஆட்டத்தைத் தானே தாங்கும் வேறு வகை மூட்டு தேவைப்படலாம். செலவு கூடும். பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 2017-இல் மத்திய அரசு 54,720 ரூபாய் என உச்ச விலை வைத்தது, வரி தனி. உங்களுக்கு எந்த வகை, முதல்வர் காப்பீட்டில் வருமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பாதத்தைத் தூக்கும் நரம்பு முட்டிக்கு வெளிப்பக்கமாக ஓடுகிறது. கோணலுக்கே பழகிய அது, கால் நேரானதும் இழுபடலாம். மரப்பு விட்டதும் நர்ஸ் வந்து, “ஆச்சி, பெருவிரலை மேலே தூக்குங்க” என்பார். தூக்க வரவில்லையென்றால் வலி குறையட்டும் என்று விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே சொல்லுங்கள். கட்டைத் தளர்த்தி முட்டியைச் சற்று மடக்கி வைத்தால் நரம்பின் இழுப்புக் குறையும்.