பேசத் தாமதிக்கும் பிள்ளைக்குச் சொல் சேர்ப்போம்



பிள்ளை பேசத் தாமதித்தால் தோட்டத்து வீடுகளில் என்ன நடக்கிறது? "இவன் அப்பனும் நாலு வயதில்தான் வாயைத் திறந்தான்" என்று பாட்டி ஆறுதல் சொல்வார். பக்கத்து வீட்டு அக்காள் வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொல்வார். மற்றொருவர் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளச் சொல்வார். இதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. முதலாம் ஆண்டில் அந்தப் பிள்ளை எங்கள் முன் வந்து உட்காருகிறான். பென்சில் வேண்டுமென்றால் கையை நீட்டுகிறான்; வெளியே போக வேண்டுமென்றால் அழுகிறான். கூடப் படிப்பவர்கள் 'ஊமை' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். 'புத்தி மந்தம்' என்று பெரியவர்களும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பேச்சு தாமதமாவதும் அறிவு குறைவதும் ஒன்றல்ல. சொன்னதைப் புரிந்துகொண்டு செய்யும் பிள்ளைக்கு, பல வேளைகளில், சொல்தான் போதவில்லை. அந்தச் சொல்லை வீட்டிலேயே சேர்க்கலாம். அதற்குப் பணம் வேண்டாம். பெற்றோர் படித்தவர்களாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. எப்படிச் சேர்ப்பது என்பதையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் எது தாமதம் என்பதைத் தெரிந்துகொள்வோம். ஒரு வயதையொட்டிக் குழந்தைக்கு முதற்சொல் வரும். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொற்களைச் சேர்க்கும். மூன்று வயதில் அது பேசுவது வெளியாருக்கும் பெரும்பாலும் புரியும். நாள் சற்று முன்பின் ஆகலாம். ஆனால் இரண்டு வயது நிரம்பியும் இரண்டு சொல் சேராவிட்டால் காத்திருக்காதீர்கள். முன்பு பேசிய சொற்களைப் பிள்ளை இழந்துவிட்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

அடுத்து, காதைக் கவனியுங்கள். காதில் சரியாக விழாத சொல் நாவில் எப்படி வரும்? அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கி, கேட்கும் திறன் மங்கிவிடுவதுண்டு. கதவைச் சாத்தினால் திரும்பிப் பார்க்கும் பிள்ளைக்குக்கூட மெல்லப் பேசும் சொல் தெளிவாகக் கேட்காமல் இருக்கலாம். ஆகையால் அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குப் பிள்ளையின் உடல்நலப் பதிவுப் புத்தகத்தோடு சென்று, செவிச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். தேவையானால் பெரிய மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்கும் அனுப்புவார்கள். வசம்பு இந்த வேலையைச் செய்யாது. நாம் வீட்டில் செய்வதும் அந்தப் பயிற்சிக்குத் துணையே தவிர, அதற்கு மாற்று அல்ல.

இனி வீட்டு வேலைக்கு வருவோம். "இது என்ன? சொல்லு, சொல்லு!" என்று பிள்ளையைச் சோதிப்பதுதான் நம்மவர்கள் வழக்கம். தெரியாத சொல்லைக் கேட்டால் பிள்ளை எங்கிருந்து கொண்டுவரும்? கேள்வியைக் குறைத்துக்கொண்டு, நீங்கள் சொல்லுங்கள். பொருள் கையில் இருக்கும்போது, வேலை நடக்கும்போது, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். குளிப்பாட்டும்போது, "தண்ணி. தண்ணி ஊத்துறேன். தண்ணி சில்லுன்னு இருக்கு" என்று சொன்னால், ஒரே சொல் மூன்று முறை காதில் விழுகிறது, அதன் பொருள் உடம்பில் படுகிறது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இதற்கும் பொருந்தும்.

சொன்ன பிறகு சற்றுப் பொறுங்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நாம் அவசரப்பட்டு அடுத்த வார்த்தையைப் பேசிவிடுவதால்தான் பல பிள்ளைகளுக்கு வாய் திறக்க இடமே கிடைப்பதில்லை.

பிள்ளை ஒரு சொல் சொன்னால், அதோடு இன்னொன்றைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். 'நாய்' என்றால் 'நாய் ஓடுது' என்று சொல்லுங்கள். 'ஊத்து' என்றால் 'தண்ணி ஊத்து' என்று சொல்லுங்கள். ஒரு படி மட்டும் ஏற்றுங்கள்; பத்துப் படி ஏற்றாதீர்கள்.

பசியாறும் வேளையில், "ரொட்டியா, வாழைப்பழமா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். பிள்ளை 'ரொ' என்று சொன்னாலும் போதும். "ரொட்டி! இந்தா, ரொட்டி" என்று சொல்லி உடனே கொடுங்கள். 'சரியாகச் சொன்னால்தான் தருவேன்' என்று பிடிவாதம் செய்யாதீர்கள். அதன் மழலையைச் சொல்லிக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம். கேலிக்குப் பயந்த பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

எந்தச் சொற்களைக் கற்பிப்பது? வாரத்திற்குப் பத்துச் சொல் போதும். படப் புத்தகத்துச் சிங்கமும் ஒட்டகமும் பிறகு வரட்டும். நாள்தோறும் வாயில் புழங்கும் சொற்களை முதலில் எடுங்கள்: சோறு, தண்ணி, வாளி, அப்பாவின் சப்பாத்து. பெயர்ச் சொல்லோடு வினைச் சொல்லும் வேண்டும்: கொடு, வை, திற, போதும். வினை இல்லாமல் பல வாக்கியங்கள் அமையா.

"விடியுமுன் பெரட்டுக்குப் போகிறோம், களைத்து வருகிறோம், நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். தனி நேரம் வேண்டாம். குளியல், சாப்பாடு, துணி மடிப்பு, படுக்கை, இவையே பாட வேளைகள். அந்தப் பத்துச் சொல்லையும் பாட்டியிடமும் மூத்த பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். எல்லோரும் அதே சொற்களைப் பேசினால் பலன் விரைவில் தெரியும்.

"வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பிள்ளை குழம்புகிறது, ஒரே மொழியாக மலாயோ ஆங்கிலமோ பேசுங்கள்" என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். இதைக் கேட்டுத் தமிழைக் கைவிடாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. நன்றாக வராத மொழியில் தாய் பேச முயன்றால், அவர் பேசுவதே குறைந்துபோகும், நட்டம் பிள்ளைக்குத்தான். தமிழில் 'மேலே', 'கீழே' தெரிந்த பிள்ளை, பிறகு மலாயில் 'அத்தாஸ்', 'பாவா' என்பதைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுரை வழங்கியது. கைப்பேசி ஓயாமல் பேசும். ஆனால் பிள்ளையின் பதிலுக்காகக் காத்திருக்காது.

பிள்ளையைப் பாலர் பள்ளியிலோ முதலாம் ஆண்டிலோ சேர்க்கும்போது இந்தத் தாமதத்தை மறைக்காதீர்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஆசிரியரிடம் சொன்னால், பிள்ளையை முன்வரிசையில் உட்காரவைத்து, முகம் பார்த்துப் பேச முடியும். தேவையுள்ள பிள்ளைகளுக்குச் சில பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகளும் உண்டு.

இன்றிரவே பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பத்துச் சொற்களை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளை புரிந்துகொண்ட சொல்லுக்கு ஒரு கோடு, வாயால் சொன்ன சொல்லுக்கு இரண்டு கோடு போடுங்கள். முதலில் ஒற்றைக் கோடுகளே பெருகும். மனம் தளர வேண்டாம். பேச்சுக்கு முன்னே புரிதல் வருவதுதான் இயல்பு. சுகாதார நிலையத்திற்குப் போகும்போது அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.