பழைய மிக்ஸியும் ஓர் அமானிதமே

(ஷஅபான் மாதக் குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ரமலான் நெருங்கிவிட்டது. நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி பூண்டு, தேங்காய், ஸஹருக்குச் சட்னி, இஃப்தாருக்கு வடை மாவு என்று நம் வீடுகளில் மிக்ஸி ஓய்வில்லாமல் ஓடும் மாதம் இது. அதனால் இன்று மிக்ஸியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு சகோதரி நம் அறக்கட்டளைக்கு வந்தார். கணவர் வஃபாத்தாகிவிட்டார். மசாலா அரைத்துப் பொட்டலம் போட்டு விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். மிக்ஸி நின்றுவிட்டது. வாரக் கடன் வாங்கிப் புதிது வாங்கப் போவதாகச் சொன்னார். வட்டியில் விழுந்துவிடக் கூடாதே என்று ஜகாத் நிதியிலிருந்து புது மிக்ஸி வாங்கிக் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டவன் நான்.

சில வாரம் கழித்து, மோட்டார் வேலை பழகிய நம் ஜமாஅத் தம்பி ஒருவர் அந்தப் பழைய மிக்ஸியைத் திறந்து பார்த்தார். உள்ளே கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. ஒரு ஜோடி நூறு ரூபாய்க்குள் முடிந்தது. மாற்றியதும் ஓடியது. அதே மாதம்தான் பள்ளிக் கட்டணம் கேட்டு வந்த ஒரு குடும்பத்திடம், "நிதி இல்லை, அடுத்த மாதம் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ஜகாத் பணம் ஏழைகளின் ஹக்கு, நம் கையில் இருப்பது அமானிதம். "பழையதைக் கொண்டு வாருங்கள், பார்ப்போம்" என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அல்லாஹ் மன்னிப்பானாக.

வீண் விரயம் செய்வோரை பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் அல்லாஹ் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறான் என்பதை நாம் அறிவோம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் எப்படி இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, தம் செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள், தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பழுது பார்ப்பதும் சுன்னத்துதான். ஆண்களே, அடுப்படிச் சாமான்தானே என்று ஒதுங்க நமக்கு இடமில்லை.

நம் நாட்டு மிக்ஸி பிறந்த கதையே ஒரு பழுதில்தான் தொடங்குகிறது. மும்பையில் சத்யபிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் வீட்டில் இருந்த ஜெர்மனி மிக்ஸி கெட்டுவிட்டது. இங்கே அதைச் சரிசெய்ய வழியில்லை. அவருடைய மனைவி மாதுரி தூண்டியதால், நம் ஊர் சமையலுக்குத் தாங்கும் மோட்டாரை அவரே வடிவமைத்தார். 1963ல் தொடங்கிய அந்த முயற்சியிலிருந்து வந்ததுதான் சுமீத் மிக்ஸி. பிறகு 2011ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. அந்த மிக்ஸிகளில் சில இன்றும் நம் பரண்களில் தூங்குகின்றன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பகுதியில் தறி ஓட்டாத குடும்பம் குறைவு. தறியின் சத்தம் மாறினாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவீர்கள். மிக்ஸியும் அப்படித்தான் பேசும்.

சத்தமே இல்லையா? முதலில் பிளக்கையும் பிளக் பாயின்டையும் பாருங்கள். பிறகு மிக்ஸியைத் திருப்பினால் அடியில் ஒரு சிறிய பட்டன் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு. சுமை கூடினால் மோட்டார் எரியாமல் அதுதான் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, பட்டனை அமுக்குங்கள். பல வீடுகளில் கோளாறு இதோடு முடிந்துவிடும்.

மோட்டார் சத்தம் கேட்கிறது, பிளேடு மட்டும் சுற்றவில்லையா? கப்ளர் தேய்ந்திருக்கும். ஜாருக்கு அடியில் ஒன்று, மோட்டாரின் மேல் ஒன்று, பல் பல்லாக இருக்கும். அதைக் கழற்றும்போது கவனம். பெரும்பாலும் மோட்டார் பக்கத்துக் கப்ளரின் மரை சாதாரண மரைக்கு நேர்மாறாக இருக்கும். தெரியாமல் பலம் கொண்டு முறுக்கினால் உடைந்துவிடும். கடைக்குப் பழைய கப்ளரையே எடுத்துப் போங்கள், அளவு மாறாது.

விட்டு விட்டு ஓடுகிறதா, தட்டினால் ஓடுகிறதா, உள்ளே பெரிதாகத் தீப்பொறி தெரிகிறதா? அது கார்பன் பிரஷ். மோட்டாரின் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கோடு இருக்கும் சிறு கரித்துண்டுகள் அவை. சுற்றும் செப்புப் பகுதியை உரசியே மின்சாரம் கொடுப்பதால் தேய்வது இயல்பு. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். திறக்கும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் ஒயர் மாறாது. மாற்றியபின் முதலில் ஜார் வைக்காமல் குறைந்த வேகத்தில் சிறிது நேரம் ஓட்டுங்கள்.

ஜாரின் அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிகிறதா? புஷ் தேய்ந்துவிட்டது. தாய்மார்களே, இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். அந்தக் கறுப்பு சட்னியிலும் கலக்கும், தண்ணீர் மோட்டாருக்குள்ளும் இறங்கும். சிறு செலவில் முடிவது மோட்டாரையே தின்றுவிடும். இதைக் கடையில் கொடுத்து, புஷ்ஷையும் பிளேடையும் சேர்த்து மாற்றுவதே நல்லது.

சில எச்சரிக்கைகள். பிளக்கைப் பிடுங்காமல் எந்த ஸ்குரூவையும் தொடாதீர்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஈரக் கையோடு வேண்டாம். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்ற வேண்டாம், எர்த் போய்விடும். பட்டன் மீண்டும் மீண்டும் விழுந்தால் அதைக் கட்டி வைத்து ஓட்டாதீர்கள். தொட்டால் ஷாக் அடிக்கிறது, காயில் கருகிய வாடை வருகிறது என்றால் அது வீட்டு வேலை இல்லை, தெரிந்தவரிடம் கொடுங்கள். காயில் கட்டும் செலவு புது விலையை நெருங்கினால் விட்டுவிடலாம். உயிரைவிட மிக்ஸி பெரிதில்லை.

அரைக்கும்போதும் விட்டு விட்டு அரையுங்கள். மிக்ஸியின் அடியில் 30 நிமிடம் என்று அச்சிட்டிருந்தால், அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். சில நிமிடம் ஓட்டி, சிறிது ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும்.

அறக்கட்டளை ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இனி வீட்டுச் சாமான் கேட்டு வருவோரின் பழைய சாமானை முதலில் பார்ப்போம். சரியானால் சரி செய்து தருவோம், சரியாகாவிட்டால் புதிது. இதனால் எவருடைய உதவியும் குறையாது. ரமலான் வரை ஞாயிறு தோறும் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் நம் தம்பிகள் இருவர் இருப்பார்கள். உதிரிப் பாகத்தின் விலை மட்டும் கொடுங்கள். இயலாதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், யாருக்கும் தெரியாது. பரணில் சும்மா கிடக்கும் மிக்ஸியைத் தந்தால் சரிசெய்து தேவைப்பட்டவருக்குக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். அது உங்களுக்கு ஸதகாவாகும்.

அந்தச் சகோதரியின் பழைய மிக்ஸி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவரே மனமுவந்து, தன்னைப் போன்ற இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். இன்று அந்த வீட்டிலும் மசாலா அரைபடுகிறது. பள்ளிக் கட்டணத்தையும் அடுத்த மாதமே கட்டிவிட்டோம். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு மாதம் தலைகுனிந்து வகுப்பில் உட்கார்ந்ததை என்னால் திருப்பித் தர முடியாது.

அல்லாஹ் தந்த பொருளைப் பேணும் மனதையும், அமானிதத்தைக் காக்கும் கவனத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஆகிர் தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.