பொன்னேருக்கு வரட்டும் பழைய டிராக்டர்



சித்திரை பிறந்ததும் பொன்னேர் பூட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. நல்லேர் என்றும் சொல்வார்கள். மாடுகளைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, ஊரில் உள்ள ஏர்களெல்லாம் ஒரே நிலத்தில் இறங்கும். உழுகிற நிலம் யாருடையதாக இருந்தாலும் அன்றைய உழவு ஊருக்குப் பொது. மாடு அருகிவிட்ட ஊர்களில் இப்போது டிராக்டருக்கே பொட்டு வைத்து வரிசையாக நிறுத்துகிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் காடுகளில் சித்திரை முதல் நாள் இதைப் பார்க்கலாம்.

கள்ளக்குறிச்சிப் பக்கமும் அப்படி ஒரு நாள் வேண்டும், அதற்குப் பழைய டிராக்டர்கள் வர வேண்டும் என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

கச்சிராயபாளையம், சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் எந்த ஊரிலும் கொட்டகை ஓரத்தில் ஒரு பழைய வண்டி நிற்கும். பெரும்பாலும் சிவப்பு மாஸி பெர்குசன். சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் செய்த வண்டி. அதற்கும் முன்னால், 1959-இல் ஃபரீதாபாத்தில் ஐஷர் டிராக்டர் உற்பத்தி ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாமல் காற்றிலேயே சூடு ஆறும் அதன் ஒற்றை சிலிண்டர் எஞ்சின், வண்டி வருகிறது என்பதை ஒரு மைல் முன்னாலேயே சொல்லிவிடும். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லாத வண்டிகள் இவை. பேட்டரி இறங்கிப்போனால் நாலு பேர் தள்ளிக் கிளப்பலாம். நாசிலும் பம்பும் சர்வீஸ் செய்ய ஒரு நல்ல மெக்கானிக்கும் பக்கத்தில் ஒரு லேத் பட்டறையும் இருந்தால் இன்னொரு தலைமுறைக்கு உழும்.

அந்தச் சிவப்பு வண்டியின் பெயரில் இருக்கும் பெர்குசன், அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த ஹாரி பெர்குசன். அவர் காலத்துக்கு முன்பு கலப்பையைச் சங்கிலியாலோ கொக்கியாலோ டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். கலப்பை பாறையில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பும். ஓட்டுகிறவர்மேலேயே வண்டி மல்லாந்து விழுந்து உயிர்கள் போயின. பெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் டிராக்டரோடு பிணைத்து, ஹைட்ராலிக் விசையால் தூக்கி இறக்க வைத்தார். மண் கலப்பையை இழுக்கும் பாரம் பின் சக்கரத்தை நிலத்தோடு அழுத்த ஆரம்பித்தது. அதனால் எடை குறைந்த சின்ன வண்டிகூட ஆழமாக உழுதது. இன்று எந்த கம்பெனி டிராக்டரிலும் பின்னால் இருப்பது அந்த மூன்று பிடிதான். மலையடிவாரத்துக் கல்லாங்காட்டில் உழுதவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அயர்லாந்தில் 1931 முதல் தேசிய உழவுப் போட்டி நடக்கிறது. பழைய டிராக்டர்களுக்கு அங்கே தனிப் பிரிவே உண்டு. தாத்தா வாங்கிய வண்டியைப் பேரன் துடைத்து ஓட்டி வந்து, சால் எவ்வளவு நேராக விழுகிறது என்று காட்டுவான். நமக்கு அந்தப் போட்டி தேவையில்லை. நாம் ஒன்றுகூடி உழ வேறொரு காரணம் இருக்கிறது.

நம் கள்ளக்குறிச்சி மக்காச்சோளம் விளைகிற மாவட்டம். 2018-இல் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கப் படைப்புழு அந்தப் பயிரை எப்படிச் சல்லடையாக்கியது என்பது இங்குள்ளவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழு ஆகிறது. கோடை மழை ஈரத்தில் புரட்டி உழுதால் அது மேலே வந்து வெயிலில் காயும், கொக்கும் மைனாவும் கொத்தித் தின்னும். ஆனால் ஒருவர் உழுது பக்கத்துக் காட்டுக்காரர் விட்டுவிட்டால், அங்கிருந்து அந்துப்பூச்சி பறந்து வந்துவிடும். வாடகை கொடுக்க முடியாமல் தரிசாக விடுகிற ஒரு ஏக்கர்க்காரரின் நிலத்தையும் அதே வாரத்தில் உழுதாக வேண்டும். அதற்குத்தான் கொட்டகை ஓரத்தில் நிற்கும் பழைய வண்டிகள். ஊரே சேர்ந்து உழுவதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

கல்வராயன் மலைக்கு வந்தால் கணக்கு வேறு. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்துச் சரிவுகளில் டிராக்டர் எல்லா இடத்துக்கும் ஏறாது. அங்கே மாட்டு ஏர்தான் மரியாதை. 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அந்த ஜாகீர்தார்களின் நிலத்தில் கூலி இல்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. கட்டாயத்தில் பிறர் நிலத்தை உழுத வலி அந்தக் குடும்பங்களின் நினைவில் உண்டு. ஆகவே அங்கே பொது உழவு என்று பேசினால், யார் நிலம், எந்த நாள் என்பதை அந்த ஊர்ப் பெரியவர்களே முடிவு செய்ய வேண்டும். கீழ்நாட்டுக்காரர்கள் கூப்பிட்டால் மட்டும் போக வேண்டும். சரிவுக்குக் குறுக்கே உழுதால் மழைநீர் சாலில் தங்கும், மண் அரித்துப் போகாது. அதை மலை மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய வண்டியைக் கிளப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கிற இரும்புச் சட்டம் அவற்றில் இருக்காது. பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் முதலில் பார்த்துவிடுங்கள். மட்கார்டின்மேல் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

பழைய இரும்பு விலைக்குக் கொடுப்பதற்கு முன் உங்கள் வண்டியை ஒரு முறை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சித்திரைக்கு முன்பே ஊரில் கலந்து பேசி, யார் நிலம் உழாமல் கிடக்கிறது என்று பட்டியல் எடுங்கள். முதல் சால் அந்த நிலத்தில் ஓடட்டும்.