கைவிலங்கா, கைத்தாங்கலா?

வீட்டில் ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடந்தால் யாரைக் கூப்பிடுவோம்? டாக்டரையா, போலீஸையா? போர்ச்சுகல் நாடு ஒருமுறை இந்தக் கேள்வியை எதிர்கொண்டது.

1990-களில் அங்கே ஏறக்குறைய நூறு பேரில் ஒருவர் ஹெராயின் பிடியில் இருந்தார். ஒரே ஊசியைப் பலர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டதில் எய்ட்ஸ் கிருமி பரவியது. அதனால் 1993 முதலே மருந்துக் கடைகளில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பழைய ஊசியைக் கொடுத்தால் புது ஊசி கிடைக்கும். கூடவே, தோலைத் துடைக்க ஸ்பிரிட் நனைத்த பஞ்சு, ஓர் ஆணுறை.

பிறகு, டாக்டர் ஜோவாவ் கூலாவ் உள்ளிட்ட நிபுணர் குழு சொன்ன யோசனைப்படி, 2001 ஜூலை 1 முதல் சட்டமே மாறியது. பத்து நாள் உபயோகத்துக்கு மேற்படாத அளவு போதைப்பொருளோடு பிடிபட்டால் சிறை கிடையாது. ஆனால் போதைப்பொருள் விற்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம்.

பிடிபட்டவர் மூன்று பேர் கொண்ட ஒரு குழுவின் முன்னால் வந்து உட்காருகிறார். அங்கே கூண்டு இல்லை, கறுப்பு அங்கி இல்லை. "எப்போதிலிருந்து இந்தப் பழக்கம்? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று விசாரிக்கிறார்கள். சிகிச்சைக்கு வழி காட்டுகிறார்கள்.

ஊசி வழியாகப் புதிதாக எய்ட்ஸ் கிருமி தொற்றியவர்கள் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேர். பின்னாளில் அது சில பத்துப் பேராகக் குறைந்தது.

தடுக்கி விழுந்தவனை அடித்தால் எழுந்திருப்பானா? கை கொடுத்தால்தான் எழுவான்.