கசிந்த வால்வு



1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி. 3 ராக்கெட் சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. தலைவர் சதீஷ் தவான் அவர்கள் தம் குழுவினரைக் கைவிடவில்லை. காரணத்தைத் துருவினார்கள். அழுக்கடைந்த ஒரு வால்வு மூடாமல் நின்றுவிட, இரண்டாம் அடுக்கைத் திசைதிருப்ப வேண்டிய அமிலம் கிளம்புமுன்பே கசிந்து போயிருந்தது. அற்ப வால்வு! 1980 ஜூலை 18இல் ரோகிணி விண்ணில் சுற்றியது.

கணக்கில் தவறிய பிள்ளையை ஏச ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. விடைத்தாளைப் பிரித்துப் பார்க்கத்தான் ஆளில்லை. பின்னத்தில் வழுக்கிற்றா, வட்டிக் கணக்கிலா? விழா முடிந்ததும், மாலைச் செபத்திற்குப்பின் விடைத்தாளோடு பிள்ளைகளைக் கோயில் மண்டபத்திற்கு அனுப்புங்கள். இளைஞர்கள் நாங்கள் உடனிருந்து பார்க்கிறோம்.