ரைக்கும் அவர் குடும்பமும்

மனோதத்துவ வைத்தியர் வில்ஹெல்ம் ரைக் 1897-ல் அன்று ஆஸ்திரியாவைச் சேர்ந்திருந்த கலீஷியாவில் பிறந்தவர். பிள்ளைக்குப் பாடஞ்சொன்ன வாத்தியாரிடம் தாய் சிநேகம் கொண்டாளென்று தகப்பன் அடித்து வதைக்க, அவள் 1910-ல் விஷங்குடித்து மாண்டாள். சேதியைத் தகப்பனுக்கு எட்டவிட்டவர் பிள்ளையாகிய ரைக்கே! மனைவியைச் சொத்தென்று நினைக்கும் வீட்டில் வேறென்ன நடக்கும்?

பிராய்டிடம் பயின்று, வியன்னாவில் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்தார். 1934-ல் மனோதத்துவச் சங்கம் அவரைத் தள்ளிற்று. 1939-ல் அமெரிக்கா போனபின், "ஆர்கோன்" என்னும் சக்தியைப் பெட்டியில் சேர்த்து நோய் தீர்க்கலாமென்றார். ருஜுவில்லாததை நாம் ஒப்போம். ஆனால் 1956-ல் கோர்ட்டு உத்தரவின்பேரில் அவர் புஸ்தகங்களைக் கொளுத்தினார்களே, அது எந்த விஞ்ஞானம்? 1957-ல் சிறையிலேயே மாண்டார். மகன் பீட்டருக்கு அப்போது வயது 13.